இரண்டு தடவை கழிந்த ஒரு மணி நேரம்

அக்கரப்பத்தனை பஜாரில் போட்டோ கொப்பி எடுக்கவோ, அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்பவோ, மரண அறிவித்தல் அடிக்கவோ போகிறவர்கள் கடையின் பெயரைச் சொல்வதில்லை. "ராணியக்காகிட்ட போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்வார்கள். கடை என்னவோ சின்னத்தம்பி முதலாளியுடையது. ஆனால் அவர் காலையில் வந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவார், நேற்றைய பேப்பரைப் புரட்டுவார், போய்விடுவார். மற்ற எல்லாம் ஜீவராணிதான். இருபத்தொரு வருஷமாக அப்படித்தான்.

உயர்தரம் படிக்கும்போது அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்தாள். கீழே இரண்டு தம்பிகள். பரீட்சைக்குப் போகாமல் அடுப்படிக்குப் போனாள். தம்பிகள் தலையெடுத்து ஒருவன் வத்தளைக்கும் ஒருவன் கட்டாருக்கும் போன பிறகு திரும்பிப் பார்த்தால் இவளுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களிடம், "எனக்கும் செவ்வாய்க்கும் ஒரு தகராறும் இல்லீங்க, கேட்டு யாரும் வரல, அவ்வளவுதான்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். கேட்டவர்களுக்குத்தான் முகம் சுருங்கும்.

கடையில் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஜாதகம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிள்ளை பிறந்தால் ஜாதகம் எழுதும் வழக்கம் எல்லாருக்கும் கிடையாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த, பிறந்த நேரம் எழுதிய கிளினிக் அட்டையைத் தகரப் பெட்டிக்குள் போட்டு வைத்திருப்பார்கள். கல்யாணப் பேச்சு வரும்போதுதான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஜீவராணி நாளையும் நேரத்தையும் அடித்தால், கட்டம், திசை, தோஷம் எல்லாம் எட்டுப் பக்கத்தில் வந்து விழும். படித்துப் பலன் சொல்வது கோயில் ஐயருடைய வேலை. இவளுடைய வேலை பிழையில்லாமல் அச்சடிப்பது மட்டும். அதை நம்புகிறாளா என்று கேட்டால் அவளுக்கே சரியாகத் தெரியாது. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அந்தப் புரோகிராம் இந்தியாவிலிருந்து சீடியில் வந்தது. முதலாளி அதைக் கம்பியூட்டரில் ஏற்றிக் கொடுத்தது 2004இல். அன்றைக்கு எப்படி இருந்ததோ பதினெட்டு வருஷமும் அப்படியே இருந்தது. அதே பச்சைத் திரை, அதே பிள்ளையார் படம், நாலாவது பக்கத்தில் அதே அச்சுப் பிழை. அதற்கு வெளியுலகம் தெரியாது. இன்டர்நெட் கேட்காது, புதுசாக ஒன்றும் கற்றுக்கொள்ளாது. அதனாலேயே அதற்குத் தெரியாத ஒரு விஷயத்தை ஜீவராணி தன் தலையில் சுமந்துகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். 1996இல் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளியது. ஐந்து மாதம் கழித்து அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணியைப் பத்து வருஷம் வைத்திருந்து 2006இல்தான் விட்டது. 'புது டைம்' என்பார்கள் அதை. அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளின் கிளினிக் அட்டையில் எழுதியிருப்பது புது டைம். சூரியனுக்குப் புது டைம் தெரியாதே. அதனால் ஜாதகம் போடும்போது 96 மே கடைசியிலிருந்து ஒக்டோபர் கடைசி வரை என்றால் ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு 2006 சித்திரை வரை என்றால் அரை மணி நேரம் கழிக்க வேண்டும். சீடியில் வந்த புரோகிராமுக்கு இலங்கையில் நடந்த கூத்து ஒன்றும் தெரியாது. ஜீவராணி இந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தாள். மூன்றாம் மாதமே அந்தக் காகிதம் தேவையில்லாமல் போனது. பிறந்த வருஷத்தைக் கேட்டதுமே விரல் தானாகக் கழித்துவிடும்.

2022இல் கரண்ட் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரமெல்லாம் போய் வந்துகொண்டிருந்த காலத்தில் அந்தக் கம்பியூட்டர் செத்துப்போனது. கரண்ட் வந்த வேகத்தில் உள்ளே ஏதோ கருகிய வாசம் வந்தது. ஹட்டனுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினார்கள். "ஒன்னுமே எடுக்க ஏலாது" என்று சொல்லிவிட்டான் கடைக்காரன். பதினெட்டு வருஷத்து ஜாதகங்கள், நாலாயிரத்துக்கு மேல், பெயரும் ஊரும் நேரமுமாக அந்தப் பெட்டிக்குள்ளேயே அடங்கிப்போயின. ஒரு பிரதி எடுத்து வைக்கத் தோன்றவில்லையே என்று ஜீவராணி இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தாள். சீடியும் கீறல் விழுந்து போயிருந்தது.

முதலாளி ஒரு லப்டொப் வாங்கிக் கொடுத்தார். ஜாதகத்துக்கு இப்போது சீடி கிடையாது, இன்டர்நெட்டில் போய் உள்ளே நுழைந்து போட வேண்டும். பெயரும் கடவுச்சொல்லும் அடித்தால் திறக்கும். எதுவும் அழியாது, எந்தக் கம்பியூட்டர் எரிந்தாலும் அடித்ததெல்லாம் அங்கே பத்திரமாக இருக்கும். எழுத்து அழகு, கட்டம் கலரில். நாலாவது பக்கத்து அச்சுப் பிழை இல்லை. ஒரே ஒரு சங்கடம், அதற்கும் புது டைம் தெரிந்திருக்கவில்லை. ஜீவராணி தனக்குத் தெரிந்த ஒரு பழைய ஜாதகத்தைப் போட்டுப் பார்த்து அதை உறுதிப்படுத்திக்கொண்டாள். சரி, வழக்கம்போல நாமே கழித்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டாள். அந்தச் சோதனையை ஒரு தடவை செய்தால் போதும் என்று நினைத்தாள். சீடியோடு பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள் வேறு எப்படி நினைப்பாள்?

இந்த இன்டர்நெட் சாமானுக்கு ஒரு குணம் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவையாவது திரை நடுவில் சின்னப் பெட்டி ஒன்று முளைக்கும். இங்கிலீஷில் ஏழெட்டு வரி இருக்கும், மூலையில் ஒரு பெருக்கல் குறி. முதல் இரண்டு மூன்றை ஜீவராணி எழுத்துக்கூட்டி வாசித்தாள். எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறோம், குஜராத்தி மொழி சேர்த்திருக்கிறோம் என்று இருந்தது. அக்கரப்பத்தனையில் குஜராத்தி எதற்கு? அதற்குப் பிறகு வாசிப்பதை விட்டாள். முன்னால் ஆறு பேர் நிற்பார்கள், ஒருவருக்குப் பஸ் போய்விடும், ஒருவர் கையில் பிள்ளை அழும். பெருக்கல் குறியை அழுத்துவாள், பெட்டி போய்விடும்.

2023 மாசி மாதத்தில் வந்த ஒரு பெட்டியில், இலங்கையின் பழைய நேர மாற்றங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன, இனிப் பயனர் எதையும் கழிக்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. அதையும் அழுத்தி மூடினாள். நீங்களோ நானோ அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் மூடித்தான் இருப்போம்.

அன்றிலிருந்து அந்தச் சாமான் சரியாகக் கழித்தது. ஜீவராணியும் சரியாகக் கழித்தாள். குழம்புக்கு யாரோ உப்புப் போட்டுவிட்டுப் போனது தெரியாமல் நாமும் ஒரு கை அள்ளிப் போடுவதைப் போல.

ராசம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தது அதற்கு அடுத்த மாதம். ராசம்மா மலையில் கொழுந்து எடுக்கிறவள். மகள் ஷாமிலா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். அதே தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிற பிரதாப்புக்கும் அவளுக்கும் நாலு வருஷப் பழக்கம். ஊருக்கே தெரியும், ஊருக்கே சம்மதம். பிரதாப்பின் அம்மாவுக்கு மட்டும் முறைப்படி ஜாதகம் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும் என்று ஆசை.

"ராணி, நம்ம புள்ளைக்கு நல்லபடியா ஒரு ஜாதகம் அடிச்சுக் குடு" என்று ராசம்மா கிளினிக் அட்டையை நீட்டினாள். 1996 ஆகஸ்ட் பத்து, மாலை ஆறு இருபத்தைந்து. ஜீவராணியின் விரல் ஐந்து இருபத்தைந்து என்று அடித்தது. அங்கே உள்ளே அது நாலு இருபத்தைந்து ஆனது.

எட்டுப் பக்கத்தில் ஆறாவது பக்கத்தில் இருந்தது அந்த வரி. தனுசு லக்கினம், ஏழாம் வீட்டில் செவ்வாய், கடும் தோஷம். ஷாமிலா அங்கேயே நின்று வாசித்தாள். "அக்கா, ஏழாம் வீடுன்னா என்னாங்க?" என்று கேட்டாள். "அத ஐயர்கிட்டயே கேளும்மா" என்று ஜீவராணி சொன்னாள். ஏழாம் வீடு புருஷனுடைய வீடு என்று அவளுக்குத் தெரியும். எந்தப் பெண்ணிடமும் அவள் அதைத் தன் வாயால் சொன்னதில்லை.

ஷாமிலாவின் கதை தெரியாமல் இதற்குப் பிறகு நடந்தது விளங்காது. அவள் மூன்று வயதாக இருக்கும்போது அவளுடைய அப்பா மரம் வெட்டப் போன இடத்தில் மரம் சாய்ந்து செத்துப்போனார். லயத்தில் சில வாய்கள் இருக்கின்றனவே, அவை சும்மா இருக்கவில்லை. ராசம்மாவின் ராசிதான் ஆளைத் தின்றுவிட்டது என்று பேசின. தண்ணீர்க் குழாயடியில் பேசின, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் பேசின, பிள்ளையின் காதுபடவும் பேசின. புருஷனைத் தின்றவளின் மகள் என்று கேட்டே வளர்ந்தவள் ஷாமிலா. அவள் கையில்தான் அந்த ஆறாவது பக்கம் போய்ச் சேர்ந்தது.

பிரதாப்பின் அம்மா நல்லவள். பரிகாரம் ஏதாவது செய்து முடிப்போம் என்றுதான் சொன்னாளாம். பிரதாப் அதுவும் வேண்டாம், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையே இல்லை என்றானாம். ஒத்துக்கொள்ளாதது ஷாமிலாதான். மழையில் வழுக்குகிற ரோட்டில், ஒரு பக்கம் மலை ஒரு பக்கம் பள்ளமாக, வளைவுக்கு வளைவு லொறி ஓட்டுகிறவன் அவன். மூன்று மாதத்தில் ராசம்மா வேறு இடம் பார்த்தாள். தோஷம் உள்ள பெண்ணைத் தோஷம் உள்ளவனுக்குத்தானே கொடுக்க வேண்டும்? டயகமவில் நல்லமுத்து என்று ஒருவர் கிடைத்தார். தோட்டத்தில் காவல் வேலை, வயது நாற்பத்து மூன்று. செவ்வாயினால் அதுவரை யாரும் பெண் கொடுக்காதவர். அந்தப் பொருத்தத்தையும் ஜீவராணியின் கடையில்தான் போட்டார்கள். 'தோஷ சாம்யம் உத்தமம்' என்று அச்சில் வந்தது. கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தாள் ஜீவராணி.

உண்மை வெளியே வந்தது 2025 தையில், பரமலிங்கம் மாஸ்டரால். யாழ்ப்பாணத்திலிருந்து முப்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்றும் திரும்பிப் போகாமல் இங்கேயே இருந்துவிட்டவர் அவர். மகனுக்குக் கையெழுத்துக் குறிப்பு ஏற்கெனவே இருந்தது. அதைக் கலரில் அடித்துக் கனடாவுக்கு அனுப்ப வேண்டுமாம். அடித்துக் கொடுத்ததை வாசலில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பிள்ளை, இது பிழையெல்லோ. என்ர மகன் கன்னி லக்கினம். நீங்கள் சிம்மம் எண்டு அடிச்சிருக்கிறியள்."

"இல்லீங்க மாஸ்டர், நான் அரை மணி கழிச்சுத்தான் போட்டேன். 99ல பொறந்தவருதானே?"

"கழிச்சனீங்கள் சரி. இது இன்னும் அரை மணி கழிச்சுக் கிடக்கு. வடிவாப் பாருங்கோ."

ஜீவராணி பார்த்தாள். நேரம் அடிக்கும் கட்டத்துக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத எழுத்தில், அந்த வருஷத்து இலங்கை நேரம் கணக்கில் எடுக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. கழிக்காமல் போட்டாள். கன்னி வந்தது. மாஸ்டர் சந்தோஷமாகப் போனார். இவள் அந்தச் சாம்பல் வரியை இன்னொரு தடவை வாசித்தாள்.

மத்தியானம் கடையைப் பாதி சாத்திவிட்டு, அந்தக் கம்பனியின் உதவி எண்ணுக்கு அழைத்தாள். சென்னையிலிருந்து ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். "அது பிழை இல்லை மேடம், திருத்தம். முன்னாடி இருந்ததுதான் பிழை. எல்லா வாடிக்கையாளருக்கும் அறிவிச்சோமே."

"எனக்கு யாரும் சொல்லலீங்களே."

"திரையில வந்திருக்கும் மேடம். நீங்க மூடினதாக இங்கே பதிவாகி இருக்கு."

மூடியதைக்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு ஜீவராணிக்குக் கோபம்கூட வரவில்லை. "பழைய மாதிரியே மாத்தித் தர ஏலாதுங்களா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அது மடத்தனமான கேள்வி என்று அவளுக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் ஒன்றுதான் மேடம், தனியாக மாற்ற முடியாது என்றாள் அந்தப் பெண்.

யாரைத் திட்டுவது? பழையது ஒன்றுமே தெரியாதது, ஆனால் நேற்று இருந்ததுபோல் இன்றும் இருக்கும். அதன் குறைகளுக்கு அவள் பழகிவிட்டாள், குறையோடு சேர்த்தே அவள் கை சரியாக வேலை செய்தது. புதியது தன்னைத் தானே திருத்திக்கொண்டது. அது திருந்தியது நல்லதற்குத்தான். ஆனால் நல்லது செய்கிறவர்கள் கதவைத் தட்டி, ஆள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால் என்ன? சென்னைப் பெண்ணுக்கு இந்தக் கேள்வி போகவே இல்லை. ஜீவராணி மனதுக்குள் கேட்டதுதான்.

எதையும் மறக்காத சாமான் அது என்று சொன்னேன். இரண்டு வருஷத்தில் அவள் போட்ட ஒவ்வொரு ஜாதகமும் திகதியோடு வரிசையாக இருந்தது. பழைய கம்பியூட்டராக இருந்திருந்தால் எரிந்து போயிருக்கும், ஒன்றும் தெரியாமல் இருந்திருப்பாள். இப்போது தெரியாமல் இருக்க வழியில்லை. புது டைமில் பிறந்தவர்கள் முப்பத்தொரு பேர். ஒவ்வொன்றாகக் கழிக்காமல் போட்டுப் பார்த்தாள். இருபத்து நாலு பேருக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஏழு பேருக்கு லக்கினமே மாறியது. ஏழு பேரையும் தேடிப் போய்ச் சொல்வது என்று முடிவு செய்தாள். முதலாளி வேண்டாம் என்றார். "சொன்னா கடைக்குத்தான் கெட்ட பேரு, ராணி." "கெட்ட பேரு எனக்குத்தாங்க. நீங்க ஊதுபத்தி கொளுத்துறதோட சரி" என்றாள். அவரிடம் அவள் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

ஆறு பேர் விஷயம் லேசாக முடிந்தது. ஒருவன் போனிலேயே சிரித்தான். பிழையான ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம் பார்த்துக் கட்டிய ஒரு ஜோடி, இரட்டைப் பிள்ளைகளோடு சந்தோஷமாக இருந்தது. இன்னொருவர் புது ஜாதகத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். ஷாமிலாவை அவள் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தாள். மூன்று வாரம் தள்ளினாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டயகம பஸ்ஸில் ஏறினாள். பைக்குள் புது ஜாதகம் இருந்தது. மகர லக்கினம், ஆறாம் வீட்டில் செவ்வாய், தோஷம் இல்லை.

டயகமவில் லயத்துக் கோடிக் காம்பராவில் ஷாமிலா இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். ஒன்பது மாதப் பெண் பிள்ளை. முன்பைவிட மெலிந்திருந்தாள். ஜீவராணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது. நல்லமுத்து எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டார். அதிகம் பேசாத மனுஷன். பிள்ளை அழுதால் அவர்தான் முதலில் எழுந்து போகிறார் என்பதை ஜீவராணி கவனித்தாள். அடிக்கிறவராகவோ குடிக்கிறவராகவோ இருந்திருந்தால் அவரையாவது வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் தோட்டத்தில் போய் ஒரு கட்டு லீக்ஸ் பிடுங்கி வந்து, மண்ணை உதறி, அவள் பக்கத்தில் வைத்தார்.

"எங்களுக்குப் பொருத்தம் பாத்துக் குடுத்ததே நீங்கதானுங்களே" என்றார்.

அவர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. புறப்படும்போது பஸ் நிற்கும் இடம் வரைக்கும் ஷாமிலா கூட வந்தாள். பாதி வழியில் அவளே ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒன்னு சொல்லட்டுங்களா? நீங்க அன்னைக்கு உள்ளது உள்ளபடி அடிச்சுக் குடுத்தீங்க. வேற யாரும்னா புள்ள பாவம்னு மறைச்சிருப்பாங்க. போன மழைக்கு மூனு லொறி பள்ளத்துல விழுந்திச்சு. ஒவ்வொரு தடவையும் அவரோடதா இருக்குமோன்னு உசுரே போயிரும். இல்லன்னு தெரிஞ்சதும் நெனச்சுக்குவேன், நான் கட்டாததுனாலதான் அவரு நல்லா இருக்காருன்னு. கல்யாணமும் ஆயிருச்சாம். அது போதுங்க எனக்கு."

ஜீவராணிக்கு நடை நின்றுபோனது. இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் யாரும் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். நான்கூடச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டாள். செய்யாத நல்லதுக்கு நன்றியை வாங்கிக்கொண்டு போக ஜீவராணியால் முடியவில்லை. ரோட்டோரக் கல்லில் அவளை உட்கார வைத்தாள். ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கடிகாரத்தைச் சொன்னாள், தான் கழித்ததைச் சொன்னாள், அதுவும் கழித்ததைச் சொன்னாள், வாசிக்காமல் மூடிய பெட்டியையும் சொன்னாள். காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

ஷாமிலா ஆறாவது பக்கத்தைத் தானே தேடி எடுத்தாள். பிள்ளை காகிதத்தைப் பிடித்து இழுத்தது. அவள் அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, இரண்டு தடவை வாசித்தாள்.

"அப்ப நான் கட்டியிருந்தாலும் அவருக்கு ஒன்னும் ஆயிருக்காதா?"

"ஆயிருக்காதும்மா."

"நெசமாவா?"

"நெசமா. தப்பு என்னோடது. என்னைய நாலு வார்த்தை திட்டிரும்மா."

ஷாமிலா திட்டவில்லை.  பிள்ளை அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. தேயிலைக்கு மேலே பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

"தோசம் இல்லாத நான் தோசக்காரரக் கட்டியிருக்கேன்" என்றாள் கடைசியில். "அப்ப ஆபத்து இனி எனக்குத்தான், இல்லீங்களா?"

 அதெல்லாம் சும்மா பேச்சு, நம்பாதே என்றாள் ஜீவராணி. நாலாயிரம் ஜாதகம் அடித்துக் கொடுத்தவளின் வாயிலிருந்து அது வந்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"இவருக்குத் தெரிய வேணாங்க. தெரிஞ்சா என்னைய நெனச்சு நெனச்சே ஒடிஞ்சு போயிருவாரு. அம்மாவுக்கும் வேணாம்." ஷாமிலா காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"பிரதாப்புக்காவது நான் போய்ச் சொல்லட்டுமா? ஒன் மேல தப்பில்லன்னாவது அவனுக்குத் தெரியட்டுமே."

ஷாமிலா அவசரமாகத் தலையை ஆட்டினாள். அப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது.

"தோசம்னு சொன்னா அவரு கேக்கலீங்கக்கா. செத்தாலும் பரவால்ல, ஒன்னையத்தான் கட்டுவேன்னு பிள்ளைக்காம்பரா வாசல்ல மழையில நின்னாரு. வேற வழி தெரியல. எனக்கு ஒங்களப் புடிக்கல, லொறி ஓட்டுறவனோட என்னால காலந்தள்ள ஏலாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அத நம்பித்தான் போனாரு. இப்ப உண்மை தெரிஞ்சா, கட்டிக்கிட்ட அந்தப் புள்ளையோட எப்படிங்க குடும்பம் நடத்துவாரு? என்னைய வெறுத்துக்கிட்டே நல்லா இருக்கட்டும்."

பஸ் வந்தது. ஜீவராணி ஏறி, பின் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். ஷாமிலா பிள்ளையின் கையைப் பிடித்து அவளுக்கு டாட்டா காட்ட வைத்துக்கொண்டிருந்தாள்.